இடப்பக்கத்து மஞ்சள் விளக்கு

ஓட்டுநர் தேர்வில் நான் தோற்றதற்கு இரண்டு கதைகள் இருந்தன. ஒன்று, மைதானத்தின் வளைவில் நின்ற அதிகாரி தன் அட்டையில் எழுதிக்கொண்டது: இடதுபக்கம் திரும்பும்போது சிக்னல் போடவில்லை. மற்றொன்று நான் வீட்டில் வந்து சொன்னது: போட்டேன். முதல் கதையை எல்லோரும் நம்பினார்கள். இரண்டாவதை நம்ப நான் ஒருத்திதான் இருந்தேன், அதுவும் அரை மனசோடு.

ஏனென்றால் நான் பெயர் போன மறதிக்காரி. என் கணவர் எனக்கு வைத்த பெயரே ‘காணோம்’. காலையில் கண் விழித்ததும் என் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதானாம். சாவியைக் காணோம், குடையைக் காணோம், ஒற்றைச் செருப்பைக் காணோம். கண்ணாடியை மூக்கின் மேலேயே வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடிய நாளும் உண்டு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவள் என்று அத்தை சொல்வார். அத்தை என்றால் என் மாமியார். எங்களோடுதான் இருக்கிறார். வீட்டில் எது தொலைந்தாலும் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை, நேராக என்னைப் பார்ப்பார்கள். நானும் மறுத்துப் பேசிக்கொண்டிருப்பதில்லை. எதற்கு வீண் வம்பு என்று ஒப்புக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஆனால் இந்த விஷயத்தை அப்படி விட முடியவில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். மடங்காத கைகால்களை மடங்க வைப்பது என் தொழில். எங்கள் கிளினிக்கில் நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் பிரிவு ஒன்றைப் புதிதாக ஆரம்பித்தார்கள். அதற்கு நீதான் சரியான ஆள் என்று பெரிய டாக்டரே என்னிடம் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, லைசென்ஸ் வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவரை அவர் வீட்டு வாசல் வரை நடக்க வைக்கும் வேலை அது. எனக்கு அதில் எவ்வளவு ஆசை என்று சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். இரண்டாவது தேர்வுக்குத் தேதி கிடைத்திருந்தது. அதிலும் தோற்றால் அடுத்த தேதிக்கு அரை வருஷம் ஆகும். அதுவரை அந்த வேலை எனக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாவியை வைத்த இடம் மறப்பது வேறு, போடாத சிக்னலைப் போட்டதாகத் தெளிவாக நினைவு வைத்திருப்பது வேறு. முதலாவதை வைத்து வீட்டில் சிரிக்கலாம். இரண்டாவது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், அப்படிப்பட்டவர்களுக்கும் நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். மகளைப் பார்த்து, நீ யாரு என்று கேட்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டியரிங் ஓரத்துச் சிக்னல் குச்சியை இடது கையால் கீழே தள்ளியது என் விரலுக்கு நினைவிருக்கிறது. அந்த நினைவு பொய் என்றால் வேறு எதைத்தான் நம்புவது?

எங்கள் கார் என் கல்யாணத்தைவிட மூத்தது. பலர் கை மாறி எங்களிடம் வந்தது. ஒரு காலத்தில் வெள்ளை நிறமாம், இப்போது ஆறிப்போன பால் டீயின் நிறம். கண்ணாடியை இறக்க வேண்டுமானால் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். சிக்னல் போட்டால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுங்கும். இடது வலது இரண்டுக்கும் அது ஒன்றுதான். கூடவே உள்ளேயிருந்து டிக், டிக் என்று நிதானமாக ஒரு சத்தம் வரும்.

தேர்வன்று என் பக்கத்து சீட்டில் ஓர் அதிகாரி ஏறி உட்கார்ந்தார். நல்ல ஆகிருதி. அவர் உட்கார்ந்ததும் கார் அந்தப் பக்கமாக ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. மற்றொருவர் கையில் அட்டையோடு வளைவுக்குப் பின்னால், காரின் பின்பக்கம் மட்டும் தெரியும் இடத்தில் நின்றார். எட்டு போட்டேன், பின்னால் எடுத்தேன், மேட்டில் நிறுத்தி உருளாமல் கிளப்பினேன். எல்லாம் சரி. கடைசியில் இடதுபக்க வளைவு. முடித்துவிட்டு வந்து நிறுத்தியதும் அட்டைக்காரர் ஜன்னலில் குனிந்து, சிக்னல் போடலை என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஏதோ முணுமுணுத்துவிட்டு இறங்கி வந்தேன்.

வெளியே காத்திருந்த என் கணவர் உடனே ஒரு சோதனை செய்தார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர். மின்சாரத்தைப் பற்றி, சொந்தச் சித்தப்பா மகனைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். என்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டுத் தான் போய்ப் பின்னால் நின்றார்.

“போடு.”

போட்டேன்.

“நல்லாத்தானே எரியுது. ஜம்முனு எரியுது.”

அதோடு வழக்கு தள்ளுபடி ஆனது.

“நெஜமா போட்டேங்க,” என்றேன் வழியெல்லாம். “சத்தம்கூடக் கேட்டுச்சு. ஆனா எப்பவும்போல இல்ல. படபடன்னு வேகமா அடிச்சுது.”

வீட்டில் இதைக் கேட்ட அத்தை ஒரே போடாகப் போட்டார். “அது உன் நெஞ்சு அடிச்ச சத்தமா இருக்கும்மா. பயத்துல எனக்கும் அப்படித்தான் அடிக்கும்.”

யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் நானே காரின் பின்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இடப்பக்க விளக்கின் மேல்மூடியைப் பிடித்திருந்த திருகுகள் துருவோடு ஒட்டிப்போய் வர மாட்டேன் என்றன. எண்ணெய் விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திருகினால் வந்தன. உள்ளே ஓர் ஈயின் சடலம், கொஞ்சம் மணல், பல்பு. பல்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இழை அறுந்திருக்கவில்லை. அது உட்காரும் கிண்ணத்தில் பச்சைப் பாசிபோலக் களிம்பு படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். திருப்பி மாட்டிப் போட்டுப் பார்த்தேன், எரிந்தது. தேய்ப்பதற்கு முன்பும்தான் எரிந்தது.

சத்தம் கேட்டு என் கணவர் லுங்கியோடு வெளியே வந்தார். எரிகிற விளக்கை ஏன் பிரித்துப் போட்டிருக்கிறாய் என்று கேட்டார்.

“ஏன் எரியலைன்னு பாக்கறேன்.”

“எரியுதே.”

“அன்னைக்கு ஏன் எரியலைன்னு பாக்கறேன்.”

அவருக்கு இந்தக் கேள்வி பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். என்னை நம்பினாரோ இல்லையோ, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மனுஷனிடம் உள்ள நல்ல குணம் அது, பிரித்துப் போட்ட எதையும் பார்த்தால் எழுந்து போக மாட்டார். சிக்னல் விட்டு விட்டு எரிவதற்கு டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன டப்பா இருக்கிறது, ஃபிளாஷர் என்று பெயர், டிக் டிக் சத்தம் போடுவது அதுதான் என்றார். வேறு ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்தோம். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மாட்டினோம். ஒவ்வொரு தடவையும் நான் உள்ளே உட்கார்ந்து போடுவேன், அவர் பின்னால் நின்று எரியுது என்பார். பிறகு அவர் உட்கார்ந்து போடுவார், நான் நின்று எரியுது என்பேன்.

நடுவில் ஒரு திருட்டு பிடிபட்டது, ஆனால் எங்கள் திருடன் இல்லை. முன்விளக்கைப் போட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்தால் வலப்பக்கப் பின்விளக்கு மங்கிப்போனது. மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர் காரின் உடம்பில் திருகப்பட்ட இடத்தில் துரு. அதைச் சுரண்டி, புதுத் திருகு போட்டதும் பளிச்சென்று எரிந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். இதனாலதான் அன்னைக்கு எரிஞ்சிருக்காது என்று முடிக்கப் பார்த்தார்.

“அது வலதுபக்கம். நான் திரும்புனது இடதுபக்கம். அன்னைக்கு முன்விளக்கே போடலை.”

“ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கும்.”

“மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க.”

தெருக்கோடியில் இருக்கும் கார் எலக்ட்ரீஷியனிடம் போனோம். மின்சாரம் வருகிறதா என்று காட்டும் ஊசி முனை விளக்கை வைத்து அவர் எல்லா இடத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி அழுத்திக் குலுக்கினார். கார் மூச்சு வாங்கியதே தவிர விளக்கு அசரவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டே என் கணவரிடம் சொன்னார், “வண்டில ஒரு கோளாறும் இல்லை சார். ஓட்டறவங்களைக் கொஞ்சம் கவனமா ஓட்டச் சொல்லுங்க.” ஓட்டுகிறவளான நான் அவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஊசி விளக்கைப் பிடுங்கி அவரைத் தொட்டுப் பார்க்கலாமா என்று இருந்தது.

அன்று சாயங்காலம் காருக்குள்ளேயே தனியாக உட்கார்ந்திருந்தேன். தேர்வன்று எப்படி இருந்ததோ அப்படியே எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். ஜன்னல் பாதி இறக்கியிருந்தது, இறக்கினேன். காற்றாடி ஓடவில்லை, அணைத்தேன். சீட்டை ஒரு பல் முன்னால் தள்ளியிருந்தேன், தள்ளினேன். சிக்னல் போட்டால் நிதானமாக டிக், டிக். அன்றைக்குக் கேட்ட படபடப்பு இல்லை. அத்தை சொன்னதுதான் சரியோ என்று மனசு உள்ளே இறங்க ஆரம்பித்தது. இனி தேர்வுக்குப் போனால் சிக்னல் போட்டுவிட்டுப் போட்டோமா என்று பார்ப்பேன், பார்த்தோமா என்று மறுபடி பார்ப்பேன், அதற்குள் எதிலாவது போய் முட்டுவேன்.

திங்கட்கிழமை கிளினிக்கில் ஒருவர் வந்தார். முழங்கால் வலி. மேஜையில் படுக்க வைத்து மடக்கினேன், நீட்டினேன், அழுத்தினேன். வலிக்கவே இல்லை என்றார். அவர் மனைவி பக்கத்தில் நின்று, “வீட்டுல அய்யோ அம்மாங்கறார். இங்க வந்தா ஒண்ணுமில்லைங்கறார். எல்லாம் நடிப்பு டாக்டர்,” என்றார். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். “படுக்க வெச்சுப் பாத்தா தெரியாதும்மா. பாரம் ஏறணும். எழுந்து அந்தக் கால்ல நில்லுங்க சார்.” நின்றார். அய்யோ என்று மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

அவரை உட்கார வைத்துவிட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். தேர்வன்று காரில் இருந்தது, எங்கள் சோதனையில் ஒரு தடவைகூட இல்லாமல் போனது எது என்று தெரிந்துவிட்டது. பாரம். பக்கத்து சீட்டில் ஓர் ஆள்.

நாங்கள் சோதித்த விதமே அப்படி. ஒருவர் உள்ளே உட்கார்ந்து சிக்னல் போட வேண்டும், ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். இருப்பதோ இரண்டு பேர். அப்போது பக்கத்து சீட்டு காலிதானே. எலக்ட்ரீஷியன் குலுக்கியதும் பின்பக்கத்தைத்தான். நாங்கள் விளக்கைப் பார்த்த போதெல்லாம் அந்த சீட்டில் யாரும் இல்லை. அந்த சீட்டில் யாராவது இருந்த போதெல்லாம் பின்னால் நின்று பார்க்க யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். என் கணவர் சட்டென்று பிடித்துக்கொண்டார், ஆனால் ஒரு ஓட்டையைக் காட்டினார். “நீ ஓட்டிப் பழகறப்ப பக்கத்துல நான்தானே உக்காந்திருந்தேன். அப்ப சத்தம் சரியாத்தானே இருந்துச்சு.”

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். “நீங்க உக்காந்தா சீட்டுக்கே தெரியாது.”

நாங்கள் இருவருமே அப்படித்தான். இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினாலும் ஒரு முழு ஆள் தேற மாட்டோம். அவருக்கும் அது புரிந்தது. இருவருடைய கண்ணும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் திரும்பியது. அங்கே அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கக்கூடிய உடம்பு. காரில் எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவார். முன்னால் உட்கார்ந்தால் எதிரே வருகிற லாரி எல்லாம் தன் மடிக்கே வருவதுபோல் இருக்கிறது என்பார்.

“நீங்க கூப்பிடுங்க,” என்றேன்.

“நீ கூப்பிடு. உன் டெஸ்ட்தானே.”

“உங்க அம்மா.”

கடைசியில் நான்தான் போனேன். “அத்தை, ஒரு நிமிஷம் கார்ல முன்னாடி வந்து உக்கார்றீங்களா? லைட்டு பாக்கணும்.”

“எரியுதான்னு பாக்கறதுக்கு நான் எதுக்கு முன்னாடி உக்காரணும்?” என்று கேட்டார். கேள்வி கூர்மையானது. நான் ஏதோ ஒயர், ஏதோ சீட்டு என்று மென்று முழுங்கினேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “வெயிட்டு வேணும்னு சொல்லேன். அதுக்கு ஏன் இந்த மென்னு முழுங்கல்,” என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

கார் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. என் கணவர் பின்னால் போய் நின்றார். நான் இடப்பக்கக் குச்சியைக் கீழே தள்ளினேன்.

டிக்டிக்டிக்டிக் என்று படபடவென அடித்தது. பச்சை விளக்கு பதறியடித்துக்கொண்டு மினுங்கியது.

இதே சத்தம். இதே வேகம். அத்தை தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு, அது அங்கிருந்து வரவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

பின்னாலிருந்து எந்தக் குரலும் வரவில்லை.

“என்னங்க, எரியுதா?”

“இரு, இரு.” அவர் குனிந்து கண்ணை விளக்கின் பக்கத்திலேயே கொண்டுபோனார். “எரியலை.” பிறகு மெதுவாக, “எரியவே இல்லை,” என்றார்.

நான் அழுதேன். சிரிப்பும் வந்தது. பைத்தியக்காரிபோல இருந்திருப்பேன், பரவாயில்லை. என் விரல் பொய் சொல்லவில்லை, என் காது பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷம் லைசென்ஸ்கூட இரண்டாம்பட்சமாகத்தான் தெரிந்தது.

அத்தைக்கு இப்போது ஆர்வம் தாங்கவில்லை. “நான் கொஞ்சம் எழுந்துக்கறேன், இப்ப பாரு,” என்று கதவைப் பிடித்து எம்பினார். டிக், டிக் என்று நிதானமானது. பின்னாலிருந்து எரியுது என்று குரல் வந்தது. உட்கார்ந்தார், எரியலை. எம்பினார், எரியுது. “இன்னொரு வாட்டி,” என்றார். தன் முழங்கால் வலியைக்கூட மறந்து அவர் எம்பி எம்பி உட்கார்ந்ததைப் பார்த்து, இனி போதும் அத்தை என்று நான்தான் நிறுத்தினேன்.

சீட்டைக் கழற்றி வெளியே வைத்தோம். கீழே கார்ப்பெட்டைத் தூக்கினால் பின்பக்கம் போகும் ஒயர்க்கட்டு. அதில் ஒரு ஒயர் நடுவில் வெட்டப்பட்டு, மறுபடி முறுக்கி ஒட்டப்பட்டிருந்தது. சீட்டின் சுருள்கம்பி ஒன்று சரியாக அதன் மேலே. பாரம் ஏறினால் கம்பி இறங்கி ஒயரை இழுக்கும், முறுக்கின இடம் உள்ளுக்குள் விலகும், பின்விளக்கு அணையும். முன்பக்கச் சிக்னல் விளக்கு மட்டும் தனியாக மினுங்குவதால் ஃபிளாஷர் பதறும். பாரம் இறங்கினால் எல்லாம் பழையபடி கூடிக்கொள்ளும்.

“யாரோ அரைகுறை ஆள் வேலை பண்ணியிருக்கான்,” என்றார் என் கணவர். “முறுக்கிட்டு அப்படியே டேப் சுத்தியிருக்கான் பாரு. இந்தக் காரை நமக்கு முன்னாடி வெச்சிருந்தவன் ஒருத்தனுக்கும் பொறுப்பு கிடையாது.”

நானும் அத்தையும் அந்த டேப்பைப் பார்த்தோம். பச்சை டேப். கடையில் யாருமே வாங்காமல் கிடந்தது என்று அவர் ஒரு முழுப் பெட்டியையே அள்ளிக்கொண்டு வந்த பச்சை டேப். எங்கள் வீட்டுக் குழாயில், துடைப்பக் கைப்பிடியில், ரிமோட்டின் முதுகில், அவருடைய மூக்குக்கண்ணாடிக் காதில், எல்லா இடத்திலும் இருக்கும் அதே பச்சை டேப். பின்சீட்டுக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைக்கிறேன் என்று அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காருக்குள் தலைகீழாகக் கிடந்தது எனக்கு நினைவு வந்தது. தப்பான ஒயரை வெட்டிவிட்டு, சத்தம் போடாமல் ஒட்டியிருக்கிறார்.

அத்தையால் வாயை அடக்க முடியவில்லை. “அந்த அரைகுறை ஆள் டேப்பை நம்ம வீட்டுலேர்ந்துதான் எடுத்துட்டுப் போயிருக்கான்போல,” என்றார்.

என் கணவர் ஒயரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. பிறகு அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, புதுத்துண்டு ஒயர் வைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, கம்பிக்குக் கீழே போகாதபடி ஓரமாக ஒதுக்கிக் கட்டினார். நான் பார்த்ததிலேயே அவர் செய்த மிக நேர்த்தியான வேலை அது. அத்தை மறுபடி உட்கார்ந்தார். டிக், டிக்.

இரண்டாவது தேர்வுக்கு அதே மைதானம், அதே இரண்டு பேர். கனத்த அதிகாரி ஏறி உட்கார்ந்தார், கார் தாழ்ந்தது. எட்டு, பின்னால், மேடு, வளைவு. குச்சியைத் தள்ளினேன். சத்தம் நிதானமாக வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே திரும்பினேன். அட்டைக்காரர் ஏதோ எழுதித் தலையை ஆட்டினார். பாஸ்.

அதோடு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அட்டைக்காரர் அடுத்த காரைப் பார்க்கப் போனதும் கனத்த அதிகாரியிடம் சொன்னேன்.

“சார், போன தடவையும் நான் சிக்னல் போட்டேன் சார். வண்டிலதான் கோளாறு. இந்த சீட்டுக்கு அடியில ஒரு ஒயர்...” அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிறுத்தினேன்.

“தெரியும்,” என்றார் அவர், சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே.

“என்ன தெரியும் சார்?”

“நீங்க போட்டீங்கன்னு தெரியும். நான் உள்ளதானே உக்காந்திருந்தேன். படபடன்னு அடிச்சுது. அப்படி அடிச்சா எங்கேயோ ஒரு பல்பு எரியலைன்னு அர்த்தம்.”

இத்தனை நாள் நான் ஊரெல்லாம் தேடிய சாட்சி, என் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“அப்ப ஏன் சார் சொல்லலை?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அவர் வந்து சிக்னல் போடலைன்னார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்களே, ‘நான்தான் சார் மறந்திருப்பேன்’னு சொல்லிட்டீங்க.” அவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். “ஓட்டறவங்களே இல்லைன்னப்புறம், திரும்பறதுக்கு முன்னாடியே அணைச்சிட்டீங்கபோலன்னு நெனச்சேன். போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே இறங்கிப் பாத்திருப்போம்.”

அவர் போய்விட்டார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காது அடைத்துப்போய் நான் முணுமுணுத்தது என்ன என்று இப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் மேல் கோபப்பட நினைத்தேன், வரவில்லை. என் மேல்தான் வந்தது. அதுவும் கொஞ்ச நேரத்தில் வெட்கமாக மாறியது. பல்பை, ஃப்யூஸை, ஃபிளாஷரை, துருவை எல்லாம் சந்தேகப்பட்டேன். முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டியது என் வாயை.

திரும்பி வரும்போது என் கணவரிடம் சொன்னேன். லைசென்ஸுக்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தவர் இதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். வீடு வரும்வரை தன் மடியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் நான் பெரிய டாக்டருக்குப் போன் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் சொளசொளவென்று முற்றத்தில் விழ ஆரம்பித்தது. அத்தை சமையலறையிலிருந்து ஓடிவந்து மோட்டாரை அணைத்தார்.

“யாரு மோட்டாரைப் போட்டுட்டு மறந்தது?”

கேள்வி என்னவோ எல்லோருக்கும் பொதுதான். முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. என் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. பதில் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை அங்கேயே பிடித்து நிறுத்திவிட்டு, இன்று சாயங்காலம் நான் எங்கெங்கே போனேன் என்று ஒருமுறை நிதானமாக யோசித்துப் பார்த்தேன்.

“நான் இல்ல அத்தை,” என்றேன். “நான் அந்தப் பக்கமே போகலை.”

அத்தை என்னைப் பார்த்தார். முற்றத்தில் கடைசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் கணவரின் குரல் வந்தது.

“நான்தான்.”